வளையம் விழாத தட்டு

அக்டோபர் 3, வெள்ளி

ஆயுதபூஜைக்கு, லேபில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவுக்கு வைத்த சந்தனத்தை இன்று காலை நான்தான் துடைத்தேன். பிரஷர் மீட்டரின் கண்ணாடி மேலேயே யாரோ மூன்று பட்டை இழுத்து நடுவில் குங்குமமும் வைத்திருந்தார்கள். முள் எங்கே நிற்கிறது என்றே தெரியவில்லை.

தூக்கம் வராவிட்டால் ஏதாவது எழுதிப் பாருங்கள் என்றார் டாக்டர். உரக்கடைக்காரர் கொடுத்த டைரி ஒன்பது மாதமாகச் சும்மா கிடந்தது. முதல் பக்கத்தில் பெயர், தொழில், ரத்தப் பிரிவு எல்லாம் கேட்டிருக்கிறார்கள். பெயர் தெய்வசிகாமணி. தொழில் பாக்டீரியா வளர்ப்பது. ரத்தப் பிரிவு என் மனைவி வளர்மதிக்குத் தெரியும்.

கோபி டவுனுக்கு வெளியே வாய்க்கால் ஓரமாக இருக்கிறது எங்கள் யூனிட். சூடோமோனாஸ் செய்கிறோம். வேரில் குடியிருந்துகொண்டு அழுகல் பூஞ்சணத்தை அண்டவிடாத பாக்டீரியா அது. டாங்கில் வளர்த்து, டால்க் மாவில் கலந்து, தட்டில் பரப்பி நிழலில் உலர்த்தி, கிலோப் பையில் அடைத்தால் என் வேலை முடிந்தது. விவசாயி அதைத் தண்ணீரில் கரைத்து, விதை மஞ்சளை நனைத்து நடுவார். பதினான்கு வருடமாக இப்படித்தான்.

இன்று மூன்றாவது புகார். ஜூனில் எங்கள் மருந்தில் நனைத்து நட்ட மஞ்சள், இப்போது கிழங்கு அழுகிக் காடே மஞ்சளடித்து நிற்கிறதாம். போனில் அந்த மனிதர் திட்டவில்லை. “இத்தன வருசமா உங்க மருந்துதானுங்க போடறோம்,” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். திட்டியிருந்தால் தேவலை.

அக்டோபர் 6, திங்கள்

திங்கள்கிழமை பொறுக்கல். தட்டில் புள்ளி புள்ளியாக முளைத்த பாக்டீரியாக் காலனிகளைப் புற ஊதா விளக்கில் பார்த்து, நல்லதாக ஒன்றைக் கம்பி லூப்பில் எடுத்துப் புதுக் குழாய்க்கு மாற்றுவேன். அதுதான் அந்த வாரத்துக்கு மதர் கல்ச்சர், டாங்குக்குப் போகும் விதை. இன்றைய காலனி மிளகு அளவு இருந்தது. விளக்கில் பச்சையாக ஜொலித்தது. என் கைக்கு எப்போதும் அப்படித்தான் வரும்.

மத்தியானம் வேலாத்தாள் லேப் வாசலில் வந்து நின்றாள். உலர்த்தும் அறையைப் பார்த்துக்கொள்பவள். என்னைவிட இரண்டு வயது மூத்தவள், ஆனாலும் சார் என்றுதான் கூப்பிடுவாள்.

“சார், ஒண்ணு சொல்றனுங்க. யாருகிட்டயும் சொல்லிப்போடாதீங்க.”

“சொல்லுங்க அக்கா.”

“வைகாசில ஒரு நா மத்தியானம் கரண்டு போச்சுங்க. ஃபேன் ஓடுல. தட்டெல்லாம் ஈரம். சாயந்தரம் லோடு ஏறோணும்னு மொதலாளி அண்ணன் சத்தம் போட்டாருங்க. நாலு தட்டத் தூக்கி வெளிய வெயில்ல வெச்சுப்போட்டேன். ஒரு மணி நேரம் இருக்குமுங்க.”

வெயில் இதற்கு ஆகாது. அது யூனிட்டில் எல்லாருக்கும் தெரியும். அவளே புதுப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள்.

“அதனாலதான் எல்லார் காடும் போச்சுங்களா சார்?”

தெரியவில்லை என்றேன். அவளுக்கு இன்னொரு கவலையும் இருந்தது. மகள் கோகிலாவை அந்தியூர்ப் பக்கம் கொடுத்திருக்கிறாள். சம்பந்தி சென்னியப்பன் வீட்டுக்கு இவள்தான் பத்துப் பை வாங்கிக் கொடுத்து, நம்பிப் போடுங்கள் என்றாளாம். ஒன்றரை ஏக்கரும் அழுகிவிட்டது. கோகிலாவுக்கு இது ஏழாம் மாதம்.

அக்டோபர் 8, புதன்

முதலாளி குழந்தைவேலண்ணன் காலையில் லேபுக்கே வந்துவிட்டார். செருப்போடு உள்ளே வந்ததிலேயே கோபம் தெரிந்தது.

“கல்ச்சர்ல கோளாறுங்களா சிகாமணி?”

ரிஜிஸ்டரை எடுத்துக் காட்டினேன். பையில் அடைக்கும்போது கிராமுக்கு இருபத்தைந்து கோடி உயிர் இருந்தால் போதும். எங்களுடையது இந்த வருடம் எண்பது கோடி, தொண்ணூறு கோடி. பதினான்கு வருடத்தில் இப்படி எண்ணிக்கை வந்ததில்லை.

“அப்பறம் எங்கதான் கோளாறு?”

கேட்டார், சொன்னேன். கேட்டதற்குப் பதில் சொல்வது கோள் சொல்வதாகாது.

அக்டோபர் 10, வெள்ளி

வேலாத்தாளை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவள் என்னைப் பார்க்காமல் போனாள். பார்த்தும் பேசாமல் போயிருக்கலாம், நான் மைக்ராஸ்கோப்பில் குனிந்திருந்தேன்.

புகார் சொன்னவர்களுக்கெல்லாம் அண்ணனே போன் போட்டாராம். “வேலைக்கு இருந்த பொம்பள வெயில்ல வெச்சுக் கெடுத்துப்போட்டா, தூக்கியாச்சுங்க.” அந்தியூருக்கும் போன் போயிருக்கிறது.

அக்டோபர் 14, செவ்வாய்

ஒவ்வொரு தயாரிப்பிலும் ஒரு பையை எடுத்து அலமாரியில் வைத்திருப்போம். மாதம் ஒருமுறை அதில் எத்தனை உயிர் மிச்சம் என்று எண்ண வேண்டும். ஆரம்ப எண்ணிக்கை அமோகமாக இருந்ததால் இந்த வருடம் அதை விட்டுவிட்டேன். ஆள் கிடையாது, நான் ஒருவன்தான். எத்தனையைப் பார்ப்பது?

இன்று மே, ஜூலை, செப்டம்பர் மூன்றையும் தட்டில் போட்டேன். இடுப்பு விட்டுப்போயிற்று.

அக்டோபர் 16, வியாழன்

மே மாதப் பையில் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. ஜூலையும் அப்படியே. செப்டம்பர் பைக்கு வயது ஒரு மாதம்தான். தொண்ணூறு கோடி இருந்த இடத்தில் சில ஆயிரம். முன்பெல்லாம் நான்கு மாதம் தாங்கும்.

ஸ்டோர் ரூமில் சூடு அதிகம். தகரக் கூரை. அண்ணனிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

அக்டோபர் 18, சனி

சாப்பிடும்போது வளர்மதியிடம் சொன்னேன். அவள் ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பவள். அவளிடம் எதையும் பாதியாகச் சொல்ல முடியாது.

“ஏனுங்க, அந்தம்மா வெயில்ல வெச்சது வைகாசிலதான?”

“ஆமா.”

“எத்தன தட்டு?”

“நாலு.”

“மொத்தம்?”

“நூத்திருவது.”

“அப்பறம் செப்டம்பர் மாசத்துது எப்படிங்க செத்துச்சு? அந்த மாசம் பூரா மானம் மேகம் மூடிட்டுத்தான இருந்துது?”

ரசம் ஊற்றச் சொன்னேன். ஊற்றினாள்.

அக்டோபர் 20, திங்கள். தீபாவளி

லீவு. ஆனாலும் யூனிட்டுக்குப் போய்ப் பொறுக்கிவிட்டு வந்தேன். வாரம் தவறக் கூடாது.

அக்டோபர் 23, வியாழன்

கல்ச்சரைக் கொடுத்த அன்று பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒரு சோதனை சொல்லிக்கொடுத்திருந்தார். அகர் கூழில் கொழுப்பு நீக்கிய பால் பவுடரைக் கலந்து ஊற்றினால் தட்டு வெள்ளையாக இருக்கும். அதில் நம் பாக்டீரியாவை வைத்தால், அது விடும் நொதி பாலைக் கரைத்து, காலனியைச் சுற்றித் தெளிவாக ஒரு வளையம் விழும். வளையம் விழுந்தால் பாக்டீரியா முழுசாக இருக்கிறது என்று அர்த்தம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்கச் சொன்னார். முதல் இரண்டு வருடம் பார்த்தேன். எப்போதும் விழுந்தது. பிறகு பார்க்கவில்லை.

இன்று பார்க்கலாம் என்று தோன்றியது. வேறு காரணம் ஒன்றுமில்லை.

அக்டோபர் 25, சனி

வளையம் இல்லை. ஒரு காலனியைச் சுற்றிக்கூட இல்லை. பால் பவுடர் மளிகைக் கடையில் வாங்கியது, கலப்படமாக இருக்கும்.

வளர்மதியிடம் சொன்னதற்கு, “ஆடத் தெரியாதவ தெருக் கோணல்னாளாம்,” என்று சொல்லிவிட்டு விடைத்தாள் திருத்தப் போய்விட்டாள்.

அக்டோபர் 27, திங்கள்

ஈரோட்டிலிருந்து லேபுக்கான பால் பவுடரே வாங்கி வந்தேன். இரண்டு பஸ். திரும்பி வரும்போது கால் வீங்கியிருந்தது.

ஃபிரிட்ஜின் அடியில் பேராசிரியர் கொடுத்த கண்ணாடி ஆம்ப்யூல்களில் கடைசியாக ஒன்று இருந்தது. உறைய வைத்து உலர்த்திய அசல். வருடத்துக்கு ஒன்றை உடைத்து அதிலிருந்து புதிதாகத் தொடங்க வேண்டும் என்பது ஏற்பாடு. கையில் ஒன்று நன்றாக வளர்ந்துகொண்டிருக்கும்போது எதற்கு உடைப்பது என்று ஐந்து வருடமாக விட்டுவைத்திருந்தேன். இன்று உடைத்தேன். வருடா வருடம் ஜனவரியில், கெடாமலிருக்க மேலே எண்ணெய் ஊற்றி எடுத்து வைத்த என் பழைய குழாய்களையும் பக்கத்தில் வைத்தேன். எல்லாம் ஒரே பால் தட்டு.

இந்த வாரப் பொறுக்கலைச் செய்யவில்லை. மறந்துவிட்டேன்.

அக்டோபர் 30, வியாழன்

ஆம்ப்யூல்: எல்லாக் காலனிக்கும் வளையம். கண்ணாடி மாதிரி.

மூன்று வருடத்துக்கு முந்தைய என் குழாய்: வளையம்.

போன வருடத்தது: பாதிக்கு உண்டு, பாதிக்கு இல்லை.

இந்த ஜனவரி: இல்லை.

வளையம் உள்ளவை எல்லாம் சின்னக் காலனிகள். மங்கலானவை. வளையம் இல்லாதவை பெரிதாகவும் பளபளப்பாகவும் இருக்கின்றன. நான் பொறுக்குவது எப்போதும் எதை என்று எழுத வேண்டியதில்லை.

நவம்பர் 1, சனி

படித்ததை எனக்கே ஒருமுறை எழுதிப் பார்க்கிறேன். எம்.எஸ்ஸியில் பரீட்சைக்கு எழுதி மார்க் வாங்கிய விஷயம்தான் இது.

இந்த பாக்டீரியாவின் உறையில் காக்-எஸ் என்று ஒரு புரதம் பதிந்திருக்கிறது. கூட்டம் நெருங்கி நெருக்கடி வருவதை உணர்ந்ததும் அது ஒரு பாஸ்பேட்டை உள்ளே இருக்கும் காக்-ஏ என்ற புரதத்தின் மேல் ஏற்றும். அதுதான் சேதி. சேதி வந்ததும் காக்-ஏ டிஎன்ஏவில் போய் உட்கார்ந்து சில குட்டி ஆர்என்ஏக்களைப் படியெடுக்க வைக்கும். அதுவரை ஒரு காவல் புரதம் பல மரபணுக்களின் படிகளை வேலை செய்யவிடாமல் பிடித்து வைத்திருக்கும். குட்டி ஆர்என்ஏக்கள் போய் அந்தக் காவலைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொள்ளும். படிகள் விடுபடும். பூஞ்சணத்தைக் கொல்லும் பொருளும் பாலைக் கரைக்கும் நொதியும் அப்போதுதான் உண்டாகும். கூடவே ஆர்.பி.ஓ.-எஸ் என்ற சிக்மா காரணியும் சேரும். அது சேர்ந்தால் வளர்வதற்கான மரபணுக்கள் அடங்கி, தாங்குவதற்கான நூற்றுக்கணக்கான மரபணுக்கள் திறக்கும். காய்வு, சூடு, பட்டினி எல்லாவற்றுக்கும் பாக்டீரியா முன்கூட்டியே தயாராகும்.

இதற்கெல்லாம் செலவு உண்டு. வளர்ச்சியை நிறுத்தித்தான் இதைச் செய்ய முடியும். வாரா வாரம் சத்தான தீனியிலேயே வளர்ந்தால் இந்த ஏற்பாடு எதற்கும் உதவாது. அப்போது காக் மரபணு உடைந்துபோன ஒன்று பிறந்தால், அது நிறுத்தாமல் வளரும். மற்றவற்றை முந்தும். காலனி பெரிதாகும், பச்சை நிறமியும் கூடும். டாங்கில் எண்ணிக்கை அமோகமாக இருக்கும். டால்க்கில் கலந்து காயவைத்தால் ஒரு மாதத்தில் செத்துவிடும். சாகாமல் மண்ணுக்குப் போனாலும் பூஞ்சணத்தை எதிர்க்க அதனிடம் ஒன்றுமில்லை.

இயற்கையாகவே இது நடக்கும் என்கிறார்கள். எனக்கு இயற்கை போதவில்லை. உடைந்ததை விளக்குப் பிடித்துத் தேடி எடுத்து, வாரம் ஒன்றாக முன்னால் நிறுத்தினேன். கைராசி என்று வேறு பேர்.

இன்னும் உறுதியாகவில்லை. பால் தட்டு ஒன்றை வைத்து முடிவுக்கு வந்துவிட முடியாது. ஆம்ப்யூலையும் என்னுடையதையும் தனித்தனியாக டால்க்கில் கலந்து, நிழலில் உலர்த்தி, நாற்பது டிகிரியில் இரண்டு வாரம் வைத்து எண்ண வேண்டும். அதற்குப் பிறகு அண்ணனிடம் சொல்லலாம்.

நவம்பர் 5, புதன்

வேலாத்தாள் வீட்டுக்கு வந்தாள். வளர்மதி உட்கார வைத்துக் காபி கொடுத்தாள்.

“சார், நீங்க ஒரு வார்த்த அந்தியூருக்குப் பேசோணுங்க.”

மகளுக்கு எட்டாம் மாதம் நடக்கிறது. ஒன்பது பிறந்ததும் முறைப்படி தாய்வீட்டுக்குக் கூட்டிவர வேண்டும், முதல் பிரசவம். டிசம்பர் முதல் வாரத்தில் நாள் பார்த்து, கட்டுச்சோற்றுக்கு ஐந்து வகை என்று முடிவு செய்து, மகளுக்கென்று புதுக் கட்டில்கூட வாங்கிவிட்டாள். சென்னியப்பன் அனுப்ப மாட்டேன் என்கிறாராம்.

“‘வெளையற மஞ்சள அழுகவெச்ச கை, அந்தக் கையில எம்பட பேரப்புள்ளயக் குடுக்கறதா’ன்னு கேக்கறாருங்க. மாப்பிள்ள வாயே தொறக்கல. கோகி போன்ல அழுகுதுங்க சார்.”

“நாலு தட்டுனால இவ்வளவு ஆகாதுங்க அக்கா,” என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். “அப்ப வேற எதுனாலங்க?”

“டெஸ்ட் போட்டிருக்கறனுங்க. ரிசல்ட் வரட்டும்.”

“எப்ப வருமுங்க?”

“பதினஞ்சாந் தேதி.”

“அது போதுமுங்க. நாள் இருக்குது,” என்றாள். டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள், வளர்மதி தடுத்தும் கேட்கவில்லை.

அவள் போன பிறகு வளர்மதி விடைத்தாள்களோடு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். பால் தட்டைப் பற்றி அவளிடம் அன்றைக்குப் பிறகு நான் பேசவில்லை.

நவம்பர் 10, திங்கள்

பொறுக்கவில்லை. அண்ணன், “புது லோடு எப்பங்க?” என்றார். டாங்கில் வால்வு பழுது என்றேன். வால்வு நன்றாகத்தான் இருக்கிறது.

நவம்பர் 15, சனி

எண்ணினேன். இரண்டும் ஒரே நாளில், ஒரே அறையில், என் கையாலேயே உலர்த்தியவை.

ஆம்ப்யூலில் பத்தில் மூன்று பிழைத்திருக்கிறது. என்னுடையதில் பத்தாயிரத்தில் ஒன்றுகூட இல்லை.

அலுப்பாக இருக்கிறது. பதினான்கு வருட அலுப்பும் இன்று ஒரே நாளில் வந்து உட்கார்ந்த மாதிரி இருக்கிறது.

நவம்பர் 17, திங்கள்

சொல்லலாம் என்று போனேன். அண்ணன் கோவையில்.

நவம்பர் 18, செவ்வாய்

அண்ணன் வந்துவிட்டார். கூட இரண்டு டீலர்கள் இருந்தார்கள். அவர்கள் முன்னால் எப்படி?

நவம்பர் 19, புதன்

எந்தச் சோதனையையும் மூன்று முறை செய்தால்தான் மதிப்பு. ஒருமுறைதான் செய்திருக்கிறேன். யாராவது கேட்டால் என்ன பதில் சொல்வது? மறுபடி உலர்த்தி வைத்தேன். இன்னும் இரண்டு வாரம். டிசம்பர் 3. மகளை அழைத்துவர வேலாத்தாள் பார்த்த நாள் டிசம்பர் 5. நேரம் இருக்கிறது.

வேலாத்தாள் போன் செய்தாள். ரிசல்ட் தெளிவாக இல்லை, மறுபடி போட்டிருக்கிறேன் என்றேன். “சரிங்க சார், நீங்க நல்லாப் பாத்தே சொல்லுங்க,” என்றாள்.

நவம்பர் 22, சனி

அலமாரியைத் துடைத்தேன். பழைய குழாய்களுக்கு லேபிள் எழுதி ஒட்டினேன். ஃபிரிட்ஜில் ஐஸ் எடுத்தேன். கடைசியாக எப்போது எடுத்தது என்று நினைவில்லை. மாலையில் தலைவலி, மாத்திரை.

நவம்பர் 24, திங்கள்

வளர்மதி கேட்டுவிட்டாள். “பதினஞ்சாந் தேதி ரிசல்ட் என்னங்க ஆச்சு?”

“மறுபடி போட்டிருக்கறேன்.”

“வந்துச்சா, வரலையா?”

வந்தது என்றேன். என்ன வந்தது என்று அவள் கேட்கவில்லை. பதினாறு வருடம் கூட வாழ்ந்தவளுக்கு அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. “அந்தம்மா இங்க உக்காந்து காபி குடிச்சுதுங்க,” என்று மட்டும் சொன்னாள். நான் எழுந்து வெளியே போய்ச் செடிக்குத் தண்ணீர் விட்டேன். மழை பெய்து ஊறியிருந்த செடி.

வேலை போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. நாற்பத்தாறு வயதில் என்னை யார் எடுப்பார்கள்? அதைவிட இன்னொன்று. எல்லாக் கூட்டத்திலும் அண்ணன் என்னை முன்னால் நிறுத்தி, “எங்க சாரு கை வெச்சா பொங்கும்,” என்பார். அதை விட மனமில்லை. எழுதும்போதே கேவலமாக இருக்கிறது.

நவம்பர் 27, வியாழன்

கோகிலாவுக்கு நேற்று விடியற்காலை பிரசவமாகிவிட்டது. டாக்டர் சொன்ன தேதிக்கு ஐந்து வாரம் முந்தியே. வலி எடுத்ததும் மாமனார் வீட்டிலிருந்தே அந்தியூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். பெண் குழந்தை. இரண்டு கிலோ முந்நூறு. இருவரும் நலம்.

வேலாத்தாளுக்கு யாரும் சொல்லவில்லை. அந்தியூர்ச் சந்தைக்குப் போய்வந்த ஒருவர் மத்தியானம் வந்து சொல்லித்தான் தெரிந்திருக்கிறது. கோகிலா அம்மா, அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாளாம். பக்கத்தில் நின்றது மாமியார். வளர்மதிதான் கேட்டுக்கொண்டு வந்து சொன்னாள். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

முதல் பிரசவம் ஒன்றுதான் வரும். அதை மூன்று முறை செய்து பார்க்க முடியாது.

நவம்பர் 28, வெள்ளி

அண்ணனிடம் எல்லாத் தட்டுகளையும் மேசையில் பரப்பி வைத்துச் சொன்னேன். அவர் வெகுநேரம் பார்த்தார். வளையத்தை விரலால் தொடப் போனார், தொடாதீர்கள் என்றேன்.

“அப்ப நம்ம சரக்கேதான் சொத்தையா?”

“நானுங்க. நான் பொறுக்கினது.”

“கல்ச்சர மாத்தியாச்சுல்ல?”

“மாத்தியாச்சுங்க.”

“அத்தோட விடுங்க. வெளிய மூச்சு விடாதீங்க. இனி போய், அந்தம்மா இல்ல, எங்க லேப்தான்னு சொன்னா நாளைக்கு இருவது பேரு வாசல்ல நிப்பான். அவ போனது போயிட்டா.”

“நான் அந்தியூர் போகோணுங்க அண்ணா.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “போனா, திங்கக்கெழம வர வேண்டாம்,” என்றார். சத்தம் போடாமல் சொன்னார். சந்தனம் வைத்த அதே ஆட்டோகிளேவை நானே அணைத்துவிட்டு வந்தேன்.

நவம்பர் 30, ஞாயிறு

வளர்மதியும் வருகிறேன் என்றாள், நான்தான் வேண்டாம் என்றேன். அந்தியூரில் இறங்கி மினி பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது பத்தரை. சென்னியப்பன் வாசலில் மாட்டுக்குச் சோளத்தட்டு நறுக்கிக்கொண்டிருந்தார். யார் என்று சொன்னதும் அரிவாளைக் கீழே வைக்காமலே நின்றார்.

“மருந்துக் கம்பெனிக்காரருங்களா?”

“ஆமாங்க. உங்க மஞ்சள் அழுகினதுக்குக் காரணம் வேலாத்தா இல்லீங்க. நானு.”

அவருக்குப் புரியும்படி சொன்னேன். மருந்தில் உயிருள்ள பூச்சி இருக்கிறது, காய்ந்தாலும் சூட்டிலும் தாங்க அதற்குள் ஒரு ஏற்பாடு இருக்க வேண்டும், அந்த ஏற்பாடு இல்லாத ரகத்தைத்தான் கொழுகொழுவென்று இருக்கிறதே என்று நான் வருடக்கணக்காகப் பொறுக்கி வளர்த்திருக்கிறேன், அவள் வெயிலில் வைத்தாலும் வைக்காவிட்டாலும் அது செத்திருக்கும் என்றேன். பால் தட்டு இரண்டையும் துணியில் சுற்றி எடுத்துப் போயிருந்தேன். வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். விவசாயி. விதையைப் பற்றி அவருக்கு யாரும் அதிகம் விளக்க வேண்டியிருக்கவில்லை.

“அப்ப அந்தம்மா கையில தப்பில்லீங்களா?”

“இல்லீங்க.”

“ஊரு பூரா சொல்லிப்போட்டனே,” என்றார். அரிவாளைப் போட்டுவிட்டுத் திட்டில் உட்கார்ந்தார். “ஒண்ணர ஏக்கரு,” என்றார். அடிப்பார் என்று நினைத்தேன், அடித்திருந்தாலும் நின்றிருப்பேன். அவர் உள்ளே திரும்பி, “ஏ, சம்பந்தியம்மாளக் கூப்புடு,” என்று மனைவிக்குக் குரல் கொடுத்தார்.

வேலாத்தாள் வந்திருப்பது எனக்குத் தெரியாது. முந்தாநாளே வந்துவிட்டாளாம். குழந்தையைத் தொட விடவில்லை, ஆனால் போகச் சொல்லவும் இல்லை. கொல்லையில் குழந்தைத் துணிகளை அலசிக்கொண்டிருந்தவள் ஈரக் கையோடு வந்தாள். என்னைக் கண்டதும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

சென்னியப்பனே சொன்னார், நான் சொன்னதைவிடச் சுருக்கமாக. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். அழுவாள் என்று நினைத்தேன். இரண்டு கைகளையும் விரித்து, உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“நானில்லீங்களா?” என்றாள்.

“இல்லீங்க அக்கா.”

“ரெண்டு மாசமா இந்தக் கையால தின்னா சோறு எறங்கலீங்க சார்.”

சென்னியப்பனின் மனைவி உள்ளேயிருந்து குழந்தையைக் கொண்டுவந்து வேலாத்தாளிடம் கொடுத்தாள். அவள் கையைச் சேலையில் அழுந்தத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். “நாள் பாத்து ரெண்டு பேரயும் உங்கூட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருங்க,” என்றார் சென்னியப்பன், யாரையும் பார்க்காமல். உள் அறையில் கோகிலா அழும் சத்தம் கேட்டது.

வேலாத்தாள் குழந்தையோடு வந்து என் எதிரில் நின்றாள். குரலில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

“இது உங்களுக்கு எப்பங்க சார் தெரிஞ்சுது?”

அக்டோபர் 30. தப்பினால் நவம்பர் 15. இரண்டில் எந்த நாளில் நான் வாய் திறந்திருந்தாலும், பிரசவத்தின்போது இவள் மகள் பக்கத்தில் இருந்திருப்பாள்.

“நேத்துத்தானுங்க அக்கா,” என்றேன்.

“தெரிஞ்ச மக்கா நாளே, விடிஞ்சதும் வண்டியேறி வந்துட்டீங்களே. வேற ஆரா இருந்தாலும் மூடி மறைச்சிருப்பாங்க,” என்று சொல்லி, வேலாத்தாள் குழந்தையை என் கையில் வைத்தாள்.